சேலத்தில் காப்பித்தூள் கடை போடப் போகிறீர்களா? மிஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்து இறங்கிய என் 5 கிலோ ரோஸ்டர், அதாவது காப்பிக்கொட்டை வறுக்கும் மிஷின், வீட்டுப் போர்டிகோவில் தார்பாய் போர்த்திக்கொண்டு இரண்டரை மாதம் நின்றது. மிஷின் தயார், பணமும் கட்டியாயிற்று. ஆனால் அதை வைத்து ஓட்ட ஒரு கதவு எண் என்னிடம் இல்லை. வந்து போகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் தார்பாயைத் தூக்கிப் பார்த்து, "இது என்னங்க, கல்யாணத்துக்கு வாங்கின கிரைண்டரா?" என்று கேட்டதுதான் மிச்சம்.

2024-ல் சேலத்தில் சின்னதாக ஒரு காப்பித்தூள் கடை போட்டேன். கொட்டை வறுத்து, வாங்குபவர் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடை. செய்ய வேண்டிய வேலைகள் எல்லாவற்றையும் நானும் செய்தேன், ஆனால் வரிசையைத் தலைகீழாக்கிச் செய்தேன். அதனால் போனது நான்கு மாதமும் ஒன்றரை லட்சத்துக்குக் கிட்டத்தட்டப் பணமும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார் என்ற கதைகளுக்கெல்லாம் இங்கே இடம் இல்லை. நேரே வேலைக்குப் போவோம்.

1. முதலில் முகவரி, அதுவும் காகிதத்தில்

இடம் பிடித்தாயிற்று, சாவி கையில் இருக்கிறது என்றால் முகவரி கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். நீங்கள் எடுக்கப்போகும் உரிமம், மின் இணைப்பு, வங்கிக் கடன் எல்லாமே ஒரே முகவரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே கேட்கும். அது மூன்று காகிதங்களில் ஒன்றுபோல இருக்க வேண்டும்: வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது, மின் கட்டண அட்டை.

நான் பிடித்த இடத்துக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. வாடகை ஒப்பந்தத்தில் பழைய எண்ணும் வரி ரசீதில் புதிய எண்ணும் இருந்தன. மின் கட்டண அட்டையோ வீட்டுக்காரரின் காலமான அப்பா பெயரில் இருந்தது. மூன்று விண்ணப்பம் போட்டேன், மூன்றும் திரும்பி வந்தன. வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் பெயர் மாற்ற வேண்டுமென்றால் அவருக்கு வாரிசுச் சான்று வேண்டும், அண்ணன் தம்பி நான்கு பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் ஓசூரில் இருந்தார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சொத்து வரி ரசீதையும் கரண்ட் அட்டையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இரண்டு எண் இருந்தால் ஒப்பந்தத்தில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். "காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்க" என்று தொழிலைக் குறிப்பிட்டு, "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று வீட்டுக்காரரிடம் தனியாக ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக "கடை" என்று மட்டும் எழுதினால், பிறகு புகை வந்ததும் பேச்சு மாறும்.

மாடியில் குடித்தனம் இருக்கும் கட்டடம் வேண்டவே வேண்டாம். வறுவல் புகை காப்பி வாசமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது தீய்ந்த வைக்கோல் வாசம். நான் முதல் முதலாக வறுத்த அன்று மாடியில் அக்கா துணி உலர்த்தியிருந்தார். சாயந்திரம் கீழே இறங்கி வந்து ஒரு வெள்ளைச் சட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "தம்பி, இதை நீயே மோந்து பாரு. நாளைக்கு எங்க வீட்டுக்காரர் இதைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போவணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மறுவாரமே கூரைக்கு மேல் 10 அடி உயரத்துக்குப் புகைக்குழாய் ஏற்றினேன். குழாய், ஊதுவிசிறி, கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். இந்தச் செலவை ஆரம்பத்திலேயே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. உத்யம் பதிவு, வங்கிக் கணக்கு

இது ஒரு மணி நேர வேலை. குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவுதான் உத்யம். ஆதாரும் பானும் இருந்தால் அதை அரசுத் தளத்தில் நீங்களே போடலாம், கட்டணம் கிடையாது. "பதிவு செய்து தருகிறோம், 1,500 ரூபாய்" என்று அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், கவனம். சான்று வந்ததும் கடைப் பெயரில் நடப்புக் கணக்கு திறந்துவிடுங்கள்.

3. உணவுப் பாதுகாப்பு: பதிவா, உரிமமா?

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நான் விண்ணப்பித்த சமயத்தில் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை என்றால் வெறும் பதிவு போதும், வருடத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேல் போனால் மாநில உரிமம். சின்ன அளவில் தயாரிப்பவருக்கு வருடத்துக்கு 3,000 ரூபாய். இரண்டுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் போஸ்காஸ் (FoSCoS) என்ற இணையத் தளத்தில்தான் விண்ணப்பம். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் நீங்கள் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

100 ரூபாய் என்றதும் எல்லோரும் அதிலேயே கை வைக்கிறார்கள், நானும் வைத்தேன். ஆனால் காப்பி விற்கும் விலைக்கு 12 லட்சம் ஒரு பெரிய தொகையே இல்லை. கிலோ 600 ரூபாய்க்கு விற்றால் மாதம் 165 கிலோ, அதாவது நாளைக்கு ஐந்தரை கிலோ. ஓரளவு ஓடும் கடை ஆறே மாதத்தில் அதைத் தாண்டிவிடும். பிறகு உரிமத்துக்கு மாறினால் 14 இலக்க எண் மாறும். எண் மாறினால் அச்சடித்து வைத்த பைகள் வீண். என்னிடம் இன்னும் 3,000 பழைய பைகள் கிடக்கின்றன, அதில்தான் வீட்டில் மிளகாய் வற்றல் போட்டு வைக்கிறோம்.

உரிமத்துக்கு இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: அடையாளச் சான்று, இடத்துக்கான காகிதங்கள், உள் அமைப்பு வரைபடம் (அளவுகளோடு கையால் வரைந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது), மிஷின்களின் பட்டியல், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. தண்ணீர் அறிக்கையை முதலிலேயே எடுத்துவிடுங்கள். "காப்பித்தூளில் தண்ணீரே சேர்ப்பதில்லையே, எதற்கு?" என்று வாதாடி நான் இரண்டு வாரத்தை வீணடித்தேன். கை கழுவவும் பாத்திரம் கழுவவும் தண்ணீர் வேண்டும்தானே. எனக்கு உரிமம் வர 41 நாள் ஆனது.

4. மாநகராட்சி, கரண்ட்

தொழில் உரிமத்துக்கு மாநகராட்சியில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் படியில் சேர்த்த அதே காகிதங்கள்தான். கட்டிய ரசீதின் நகலைப் பத்திரப்படுத்துங்கள், வங்கி கேட்கும். உங்கள் அளவு வறுவலுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டுமா என்பதையும் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுக்கும் நாளில் அந்தக் காகிதம் உதவும்.

அரவை மிஷினுக்கு மூன்று பேஸ் இணைப்பு வேண்டும். சாதாரணக் கடைக்குக் கொடுக்கும் வணிக இணைப்புக்கும் குறுந்தொழிலுக்கான இணைப்புக்கும் கட்டணம் வேறு வேறு. உத்யம் சான்றைக் காட்டி, உங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் பெரிதாக வர வேண்டும் என்பதையும் பலகை எழுதுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

5. கடன், மானியம்: மிஷினுக்கு முன்பா பின்பா?

முன்பு. முன்பு. முன்பு.

குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் (2020-ல் தொடங்கியது, பி.எம்.எஃப்.எம்.இ என்பார்கள்) திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் இருந்தது. உங்கள் பங்கு 10 சதவீதம், மீதி வங்கிக் கடன். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களில் கடன் ஒப்புதலான பிறகு வாங்கும் மிஷினுக்குத்தான் மானியம். நான் கையோடு பில்லை எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி பில்லில் இருந்த தேதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இவ்வளவு அவசரம்?" என்ற ஒரே கேள்விதான். என் ஒன்றரை லட்சத்தில் பெரும்பகுதி போனது அந்த மேசையில்தான்.

இந்தத் திட்டங்களுக்கெல்லாம் கால எல்லை உண்டு. இப்போது எது நடப்பில் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். காப்பி வாரியத்துக்கு ஏற்காட்டில் அலுவலகம் இருக்கிறது, வறுவல், அரவை மிஷின்களுக்கு ஏதாவது உதவி நடப்பில் உள்ளதா என்று அங்கேயும் ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். வாரியம் பெங்களூரில் நடத்தும் காப்பி சாஸ்திரா என்ற குறுகிய பயிற்சிக்குப் போய்வர முடிந்தால் இன்னும் நல்லது. பத்து மூட்டை கொட்டையைக் கருக்கிக் கற்றுக்கொள்வதைவிட அது மலிவு.

6. மிஷின்

எனக்கு ஆன செலவு: 5 கிலோ டிரம் ரோஸ்டர் 2,40,000, அரவை மிஷின் 45,000, பை ஒட்டும் மிஷின் 3,500, தராசு 6,000. ஆர்டர் கொடுத்து வந்து சேர ஆறு வாரம். 5 கிலோ மிஷினில் 5 கிலோ போட்டால் சரியாகப் புரளாது. 4 கிலோ என்று வைத்துத்தான் உங்கள் நாள் கணக்கைப் போட வேண்டும்.

வாங்கும் முன் விற்பவர் பட்டறைக்கே போய், நீங்கள் கொண்டுபோன கொட்டையை ஒரு தடவை வறுக்கச் சொல்லுங்கள். டிரம்முக்குள் வெப்பமானி எங்கே இருக்கிறது, கொட்டையைத் தொடுகிறதா அல்லது வெறும் காற்றைத்தான் அளக்கிறதா என்று பாருங்கள். வறுத்ததைக் கொட்டி ஆறவைக்கும் தட்டில் விசிறி வலுவாக இருக்க வேண்டும். நான்கைந்து நிமிடத்தில் கைபொறுக்கும் சூட்டுக்கு வராவிட்டால், கொட்டை தட்டில் இருந்தபடியே இன்னும் வறுபட்டுக்கொண்டிருக்கும்.

7. பச்சைக் கொட்டை: ஏற்காட்டில் எப்போது, எப்படி வாங்குவது

சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அரபிகா. நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். புதுக் கொட்டை கைக்கு வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. நான் கடை திறந்தது ஜூனில். அப்போது மலையில் நல்ல சரக்கு எல்லாம் இறங்கிப் போயிருந்தது. கிடைத்ததைப் போன வருடத்து மூட்டையோடு கலந்து கொடுத்தார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, வாடிக்கையாளருக்குத் தெரிந்தது. பழைய கொட்டை பச்சை நிறம் போய் மங்கி, சாக்கு வாசம் அடிக்கும்.

பேரம் பேசுவதற்கு முன் எந்த நிலையில் இருக்கும் கொட்டையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பழத்தோலை நீக்கி, கழுவி, மேலே வெளிர்மஞ்சள் ஓட்டோடு காயவைத்தது பார்ச்மெண்ட். பழத்தை அப்படியே காயவைத்தது செர்ரி. ஓடு நீக்கித் தரம் பிரித்ததுதான் வறுக்கத் தயாரான கொட்டை. 100 கிலோ பார்ச்மெண்டை உடைத்தால் சுமார் 80 கிலோ கொட்டை வரும். 100 கிலோ காய்ந்த செர்ரியில் பாதிதான் தேறும். பத்திரிகையில் வரும் விலை பெரும்பாலும் 50 கிலோ மூட்டைக்கு, அதுவும் பார்ச்மெண்டுக்கோ செர்ரிக்கோ. அதை 50-ஆல் வகுத்து "அட, இவ்வளவு மலிவா!" என்று கிளம்பிவிடாதீர்கள்.

தரப் பெயர்களில் உங்களுக்கு முதலில் தேவைப்படுவது இரண்டு: பிளான்டேஷன் ஏ, பி.பி. கழுவிப் பதப்படுத்திய அரபிகாவைத்தான் பிளான்டேஷன் என்கிறார்கள். பி.பி என்பது பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தது, பீபெரி. நம் ஊர்க்காரர்களுக்கு டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் ரொபஸ்டா சேர்க்க வேண்டியிருக்கும். அது கர்நாடகத்திலிருந்தும் வயநாட்டிலிருந்தும் வருகிறது, வியாபாரிகளிடம் வாங்கிக்கொள்ளலாம்.

நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் முதல் மூட்டை வாங்கப் போனேன். களத்தில் நின்றிருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காய்ந்துகொண்டிருந்த குவியலிலிருந்து ஒன்றை எடுத்து ஓட்டை நகத்தால் உரித்துக் கையில் கொடுத்தார். "கடிங்க." கடித்தேன். "பல்லுப் பதியுதா?" பதிந்தது. "அப்ப இது இன்னும் நாலு நாள் வெயில் பாக்கணும். இதை இப்பவே எடை போட்டா, நீங்க தண்ணிக்குக் காசு குடுக்கறீங்கன்னு அர்த்தம்." நன்றாகக் காய்ந்த கொட்டை பல்லில் பதியாமல் நொறுங்கும். இன்று என்னிடம் ஈரப்பதமானி இருக்கிறது, 10 முதல் 12 சதவீதத்துக்குள் பார்த்து வாங்குகிறேன். ஆனாலும் கை தானாக ஒரு கொட்டையை வாய்க்குக் கொண்டுபோகிறது.

மூட்டையாக வாங்குவதற்கு முன் 200 கிராம் சாம்பிள் வாங்கி வெள்ளைத் துணியில் பரப்புங்கள். கறுத்தது, உடைந்தது, ஊசி குத்தியதுபோல ஓட்டை விழுந்தது (காய்த்துளைப்பான் வேலை) எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே எடை போடுங்கள். சாம்பிளைக் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் வாங்காதீர்கள். தோட்டக்காரரே விற்றாலும் பெயர், எடை, விலை, தேதி எழுதிய ரசீது வாங்காமல் மூட்டையை ஏற்றாதீர்கள். மே மாதக் கோடை விழாச் சமயத்தில் மலைக்கு வண்டி எடுத்துப் போகவும் வேண்டாம், 20 கொண்டை ஊசி வளைவிலும் நின்று நின்றுதான் போவீர்கள். கடைக்கு வந்த மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

8. வறுவல்

நான் எழுதி ஒட்டி வைத்திருக்கும் முறை இது. டிரம் 190 டிகிரி வந்ததும் 4 கிலோ கொட்டை. ஐந்தாவது நிமிடத்தில் பச்சை போய் மஞ்சளாகும், வைக்கோல் வாசம் வரும். பிறகு பழுப்பேறும், மெல்லிய தோல் உரிந்து பறக்கும். பத்து நிமிடத்தை ஒட்டிச் சோளம் பொரிவதுபோல முதல் வெடிப்பு கேட்கும். அந்தச் சத்தம் அடங்கி, இன்னும் சன்னமாகப் படபடவென்று இரண்டாவது வெடிப்பு தொடங்குவதற்குச் சற்று முன் இறக்கினால், பில்டர் காப்பிக்கு நம் ஊர் நாக்குக்குச் சரியாக இருக்கிறது. எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கருக்கினால் கசப்பு மட்டுமே மிஞ்சும், எடையும் போகும்.

ரேடியோவை அணைத்துவிடுங்கள். இந்த வேலையைக் காதால் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் நோட்டில் நான்கே விஷயம் எழுதுங்கள்: போட்ட எடை, முதல் வெடிப்பு கேட்ட நிமிடம், இறக்கிய நிமிடம், இறக்கிய எடை. ஒரு மாதத்தில் அந்த நோட்டு மிஷின் விற்றவரைவிட அதிகம் சொல்லித்தரும்.

பி.பி, பிளான்டேஷன், ரொபஸ்டா மூன்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்காதீர்கள். உருண்டை ஒரு வேகத்தில் வேகும், தட்டை ஒரு வேகத்தில் வேகும். தனித்தனியே வறுத்து, ஆறிய பிறகு கலக்குங்கள். பறக்கும் தோல் புகைக்குழாயில் படிந்தால் ஒரு நாள் தீப்பிடிக்கும். வாரம் ஒரு முறை குழாயைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வறுத்த கொட்டை வாயுவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அன்றே இறுக்கமாகப் பையில் ஒட்டினால் மறுநாள் காலையில் பைகள் தலையணைபோல உப்பியிருக்கும். ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டுவிட்டு அரையுங்கள்.

9. சிக்கரி, லேபிள், தராசு

சிக்கரி கலப்பது குற்றம் இல்லை, சொல்லாமல் கலப்பதுதான் குற்றம். கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், சிக்கரி 49-ஐத் தாண்டக் கூடாது. இரண்டின் சதவீதமும் பையில் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். எங்கள் தெருவில் 80-க்கு 20 தான் அதிகம் போகிறது. டீக்கடைக்காரர்கள் 60-க்கு 40 கேட்பார்கள். சிக்கரி ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும், மழைக்காலத்தில் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் பிரியுங்கள்.

முன்கூட்டியே பையில் அடைத்து விற்பதாக இருந்தால் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கு என்ன விலை, தயாரித்த மாதம் வருடம், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் அச்சில் வேண்டும். பொட்டலமிடுபவராகச் சட்டமுறை எடையளவுப் பிரிவில் பதிவும் செய்ய வேண்டும். கட்டணம் 500 ரூபாய், பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை வாங்க வேண்டும், நம் மாநிலத்தில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. சான்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தராசுக்கு மேலேயே மாட்டிவிட்டேன்.

ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் உள்ளூரிலேயே விற்றால் ஜி.எஸ்.டி பதிவு கட்டாயமில்லை. வறுக்காத கொட்டைக்கு வரி கிடையாது, வறுத்ததற்கு 5 சதவீதம். வெளி மாநிலத்துக்குத் தூள் அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு கணக்கரைப் பாருங்கள்.

10. விலை போடும்போது

பச்சைக் கொட்டை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவுக்கு 50,000. வறுத்தால் 15 முதல் 20 கிலோ வரை ஆவியாகவும் தோலாகவும் போய்விடும். 82 கிலோ தேறியது, அரவையில் ஒரு கிலோ ஒட்டிக்கொண்டது என்றால் கையில் 81. ஆக ஒரு கிலோ தூளின் அடக்கம் 617 ரூபாய். இதில் கேஸ், கரண்ட், வாடகை, பை, உங்கள் கூலி எதுவும் சேரவில்லை. முதல் மாதம் நான் 500-க்கு மேல் 100 வைத்து 600-க்கு விற்று, "பரவாயில்லை, கிலோவுக்கு நூறு ரூபாய் நிற்கிறது" என்று மகிழ்ச்சியாக இருந்தேன். மாதக் கடைசியில் மனைவி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு கிலோவுக்கும் பதினேழு ரூபாய் நாம கையிலிருந்து போட்டுக் குடுத்திருக்கோம்" என்றாள்.

கொட்டை விலை உங்களைக் கேட்டு ஏறாது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா அதுவரை காணாத உச்சத்துக்குப் போனபோது இங்கே மலையிலும் ஏறியது. ஆகவே பலகையில் பெயின்டில் விலை எழுதாதீர்கள், சாக்பீஸ் போதும். குறைந்தது இரண்டு மாதத்துக்கான பச்சைக் கொட்டை கையிருப்பில் இருக்கும்படி பணம் ஒதுக்குங்கள். வறுக்காத கொட்டை உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் தாங்கும், அரைத்த தூள் இரண்டு வாரத்திலேயே வாசம் இழந்துவிடும்.

அப்புறம், கடை திறக்கும் வாரத்தில் 50 கிராம் பொட்டலங்கள் போட்டு அக்கம்பக்கத்தில் சும்மா கொடுங்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: பில்டரில் மூன்று மேசைக்கரண்டி தூள், லேசாக அமுக்கி, கொதித்து இறக்கிய தண்ணீர் 100 மில்லி, இருபது நிமிடம் தொடாமல் விடவும். "உங்க தூள்ல டிகாக்‌ஷனே இறங்கல" என்று சண்டைக்கு வந்த மூன்று பேரில் இரண்டு பேர் தூளைக் குத்திக் குத்தி அமுக்கியிருந்தார்கள். மூன்றாவது ஆள் சொன்னது சரி, அன்று அரவை நைசாகிவிட்டது. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிஷினின் தட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். மாடி அக்கா இப்போது வாரம் கால் கிலோ வாங்குகிறார், துணி உலர்த்துவதற்கு முன் கீழே எட்டிப் பார்த்து, "இன்னைக்கு வறுவல் உண்டா தம்பி?" என்று கேட்டுக்கொள்கிறார்.